வண்டலூரில் கோடு, வீட்டில் வண்ணம்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். அத்தனையையும் ஒரே நாளில் சுற்றி, கூண்டுக்கு ஒரு படம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள் மாலையில் எடுத்துப் போவது கால்வலியும் அரைகுறைக் கோடுகளும்தான். வரைய வருகிறவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு விலங்கு போதும், மூன்று அதிகம். ஒவ்வொன்றின் முன்னாலும் குறைந்தது 40 நிமிடம் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் பார்ப்பதற்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிறும் காணும் பொங்கலும் வரைவதற்கு ஆகாது, கம்பி ஓரத்தில் நிற்கவே இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாதி விலங்குகள் நிழலில் படுத்துவிடும். புதிதாக வரைகிறவர்களுக்கு அதுவும் நல்லதே, தூங்குகிற விலங்கு நகராது.

பையில் ஏ5 அளவு ஸ்கெட்ச் நோட்டு (120 முதல் 150 ஜிஎஸ்எம் தாள்; ஜிஎஸ்எம் என்பது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை, எண் கூடினால் தாள் தடிமன்), இரண்டு 2பி பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா, தாளைப் பிடிக்க இரண்டு கிளிப், தொப்பி, தண்ணீர். வண்ணப்பெட்டி வேண்டாம், முதல் சில முறைக்காவது. திறந்தவெளி வெயிலில் வாஷ் (தண்ணீர் கலந்து பரப்பும் மெல்லிய பூச்சு) பரவுவதற்குள் காய்ந்துவிடும்; தூரிகையைக் கழுவி நிமிர்வதற்குள் விலங்கு திரும்பியிருக்கும். நிறத்தைச் சொல்லால் எழுதிக்கொள்ளுங்கள். "பழுப்பு" என்று மட்டும் எழுதினால் வீட்டில் ஒன்றும் விளங்காது. "முதுகு கருப்பட்டி, வெயில் பட்ட இடம் நீலச்சாம்பல், கால் காய்ந்த வைக்கோல்" என்று எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்கு ஒரு அம்புக்குறியும் போடுங்கள்.

ஒரு பக்கத்தில் ஒரு படம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஐந்தாறு படங்களைச் சின்னதாக ஒரே பக்கத்தில் தொடங்க வேண்டும். கூண்டில் இருக்கும் விலங்கு ஒரே பாதையில் நடக்கும், ஒரே இடத்தில் திரும்பும். நடையை வரைந்துகொண்டிருக்கும்போது அது உட்கார்ந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டு, உட்கார்ந்ததைத் தொடங்குங்கள். மறுபடி நடக்கும்போது பழைய படத்துக்குத் திரும்பலாம். முதல் கோடு மூக்கிலிருந்து முதுகு வழியாக வால் வரை ஒரே இழுப்பு. அடுத்து தோளுக்கு ஒரு முட்டை வடிவம், இடுப்புக்கு ஒன்று. பிறகுதான் கால். கண், காது, வரி எல்லாம் கடைசி. தலையை முதலில் முடித்துவிட்டு உடம்புக்குப் போனால் தாளின் ஓரத்தில் வாலுக்கு இடம் இருக்காது.

அளவுக்குத் தலையை முழமாக வைத்துக்கொள்ளுங்கள். கையை முழுதாக நீட்டி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தலையின் நீளத்தைப் பிடித்து, உடம்பில் அது எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் கணக்கு தவறும். தலையைப் பெரிதாகப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. முகத்தைத்தானே அதிக நேரம் பார்க்கிறோம்!

பின்னங்காலில் இன்னொரு பிழை. புலிக்கும் மானுக்கும் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்பக்கம் மடங்குகிறது. நாரையின் நீண்ட காலுக்கு நடுவில் தெரியும் முட்டியும் கணுக்கால்தான். இது மனதில் பதிந்துவிட்டால் மேசைக்கால் போல விறைத்து நிற்கும் கால்கள் படத்தில் வராது.

அகழிக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சற்று மேலிருந்து பார்க்கிறோம். அதனால் முதுகு அகலமாகவும் கால்கள் குட்டையாகவும் தெரியும். பார்த்தபடியே வரையுங்கள். வீட்டுக்கு வந்து "காலை நீளமாக்கலாம்" என்று திருத்தினால் மேலிருந்து பார்த்த முதுகும் பக்கவாட்டில் பார்த்த காலும் ஒட்டாமல் போகும். கம்பிவலையை வரைய வேண்டியதில்லை.

போனில் படம் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. அகலக்கோண லென்ஸில் கிட்டப்போய் எடுத்தால் மூக்கு பெருத்து உடம்பு சுருங்கும். இரண்டு மடங்கு ஜூமில், தள்ளி நின்று எடுங்கள். கரிய விலங்குகளின் நிழல் பகுதியைப் போன் ஒரே கறுப்பாக்கிவிடும். அங்கே நோட்டில் எழுதிய சொற்கள்தான் கைகொடுக்கும். விலங்கைத் திரும்பவைக்கக் கை தட்டுவதும் விசில் அடிப்பதும் வேண்டாம். பூங்காவின் விதியும் அதுதான். அப்படித் திரும்பிய விலங்கு இயல்பான நிலையிலும் இருக்காது.

இனி வீட்டில், நீர்வண்ணத்தில். காட்டெருதை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வண்ணத்தைத் தொடாமல் கருமையைக் கொண்டுவரப் பழக இதைவிட நல்ல விலங்கு இல்லை. பெரிய காளையின் உடம்பு கருப்பு. கால்களின் கீழ்ப்பகுதி வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல இருக்கும். தோளிலிருந்து முதுகின் நடுவரை ஒரு மேடு எழுந்து சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் தவறினால் அது எருமையாகிவிடும். பசுவும் கன்றும் அதைவிடப் பழுப்பாக இருக்கும்.

தாள் ஏ4, 300 ஜிஎஸ்எம், கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள நீர்வண்ணத் தாள்). பருத்தித் தாள் கிடைத்தால் நல்லது. பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தூரிகை வட்ட வடிவில் எண் 8, எண் 4. வண்ணம் மூன்றே: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்).

ஏ5 படத்தை ஏ4 ஆக்க, நோட்டில் 2 செ.மீ. கட்டம் போட்டு, சாதாரண ஏ4 தாளில் 2.8 செ.மீ. கட்டத்தில் பெரிதாக்குங்கள். பேனாவால் அழுத்தமாக்கி, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடிமேல் வைத்து, டேப் ஒட்டுவதற்கு முன்பே நல்ல தாளில் எச்பி பென்சிலால் மெலிதாக எடுத்துக்கொள்ளலாம். கட்டத்தை நல்ல தாளிலேயே போட்டு ரப்பரால் தேய்த்தால் தாளின் மேல்பூச்சு போய்விடும். அந்த இடம் வண்ணத்தை உறிஞ்சித் திட்டாகக் கறுக்கும். சென்னை வியர்வைக்கு இன்னொரு எச்சரிக்கை: உள்ளங்கையின் கீழே எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். கைப்பிசுக்கு பட்ட இடத்தில் வாஷ் ஒட்டாது.

மூன்று பூச்சு. முதலாவது நீர்மோர் பதம், இரண்டாவது மோர், மூன்றாவது தயிர்.

முதல் பூச்சுக்கு நெற்றி, கொம்பு, காலுறை தவிர உடம்பு முழுவதையும் வெறும் தண்ணீரால் நனையுங்கள். தாள் பளபளக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. முதுகின் மேல்பகுதியில் மெல்லிய அல்ட்ராமரீன். கரிய தோலில் வானம் பட்டுத் தெரியும் நீலம் அது. வயிற்றுப் பக்கம் ஓக்கரும் சியன்னாவும். இரண்டும் நடுவில் தானாகக் கலக்கட்டும், தூரிகையை விட்டுக் கிளறாதீர்கள். காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் இன்னும் ஈரம். மே மாதத்தில் கால் மணி நேரத்தில் காயும் தாள் ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம்கூட எடுக்கும். அரைகுறை ஈரத்தில் அடுத்த பூச்சு போட்டால் காலிஃபிளவர் ஓரம்போலத் திட்டு விழும்.

இரண்டாவதில் சியன்னா மூன்று பங்கு, நீலம் ஒரு பங்கு. முதுகு மேட்டின் உச்சியையும் தோளில் வெயில் படும் இடத்தையும் விட்டு மீதியெல்லாம் பூசுங்கள். விட்ட இடத்தின் ஓரத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் ஒரே ஒரு தடவை தடவிக் கரையுங்கள்.

மூன்றாவதில் விகிதம் மாறும்: நீலம் இரண்டு பங்கு, சியன்னா ஒரு பங்கு, தண்ணீர் மிகக் கொஞ்சம். கழுத்து மடிப்பு, அடிவயிறு, கால்களுக்கு இடையே, காதுக்குப் பின்னால் மட்டும் இதைப் பூசுங்கள். உடம்பு முழுக்க இழுத்தால் முதல் இரண்டு பூச்சும் வீண். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும், அதனால் தேவையைவிட ஒரு படி கருமையாகவே கலக்க வேண்டும். டியூபிலிருந்து வரும் கறுப்பை மட்டும் பூசினால் விலங்கு இருக்கும் இடத்தில் தாளில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும்.

காலுறையை வெறும் வெள்ளையாக விடாதீர்கள். வெயில் பக்கம் மெல்லிய ஓக்கர், நிழல் பக்கம் நீலச்சாம்பல். கொம்பின் அடி மஞ்சளாக, நுனி கறுப்பாக இருக்கும். கண்ணில் ஒரு புள்ளி வெள்ளைத் தாளாகவே நிற்கட்டும். தவறிப்போய் மூடிவிட்டால் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு பொட்டு, அதற்கு மேல் வெள்ளை எங்கும் வேண்டாம். குளம்பு நான்கையும் தெளிவாகப் போட்டால் விலங்கு தரையில் நிற்காது, மிதக்கும். குளம்பும் தரை நிழலும் ஈரத்தில் ஒன்றாகக் கலக்கட்டும்.

வெள்ளைப்புலிக்கு இதே முறை தலைகீழ். தாளே வெள்ளை, வேலையெல்லாம் நிழலில்தான். மேலே நீலச்சாம்பல், அடியில் தரையின் ஓக்கர். வரிகள் உடம்பின் வளைவோடு வளைய வேண்டும். நேர்கோடாகப் போட்டால் புலி தட்டையாகிவிடும். தள்ளியிருக்கும் வரிகளை லேசான ஈரத்திலும், கிட்ட இருப்பவற்றைக் காய்ந்த பிறகும் போடுங்கள். நீலகிரி கருமந்திக்குத் தலை மட்டும் மஞ்சள் பழுப்பு, அதை முதலிலேயே பூசிக் காயவிடாவிட்டால் கருப்பு உள்ளே ஓடும். மஞ்சள்மூக்கு நாரையின் இறக்கையில் உள்ள இளஞ்சிவப்புக்கு நான்காவதாக ஒரு ரோஸ் வண்ணம் வாங்கவேண்டும், அந்த மூன்றில் அது வராது.

எந்த விலங்கானாலும் மயிரை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டாம். கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையைச் சாய்த்து, நிழலும் வெளிச்சமும் சேரும் ஓரத்தில் மட்டும் தேய்த்தால் போதும்.

டேப்பை அன்றே உரிக்க அவசரப்படாதீர்கள். முழுக்கக் காய்ந்தபின், ஒட்டிப் பிடித்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். உள்பக்கமாக இழுத்தால் தாளின் தோல் படத்தோடு சேர்ந்து வந்துவிடும்.