பைலட் ஆனதைக் கொண்டாட ஒரு வாட்ச்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் நல்ல வாட்ச் ஒன்று வாங்க ஆசை வருவது இயல்புதான். ஆனால் பிராண்டைப் பார்க்கும் முன் டயலைப் பாருங்கள்.

விமானப் போக்குவரத்து முழுக்க உலகப் பொது நேரமான யூடிசியில்தான் நடக்கிறது. அதனால் ஜிஎம்டி வகை வாட்ச்தான் என் முதல் தேர்வு. 24 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றும் கூடுதல் முள்ளை யூடிசிக்கு வைத்துவிட்டால், உள்ளூர் நேரத்தையும் அதையும் ஒரே பார்வையில் படிக்கலாம். ரோலெக்ஸின் ஜிஎம்டி மாஸ்டர் 1950களில் அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவன விமானிகளுக்காக உருவானதே இந்தத் தேவைக்குத்தான். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: மணி முள்ளை மட்டும் தனியாக நகர்த்த முடியுமா? அடிக்கடி நேர மண்டலம் மாறுபவருக்கு அதுதான் வசதி.

1950களில் வந்த பிரைட்லிங் நாவிடைமர் வாட்சில் எரிபொருள், வேகம், தூரம் கணக்கிடும் வட்ட ஸ்லைடு ரூல், அதாவது சுழற்றிக் கணக்கிடும் அளவுகோல், உண்டு. அழகுதான், ஆனால் டயலில் எழுத்துக் கூட்டம் அதிகம். இரவில் சட்டென்று நேரம் படிக்க, கறுப்பு டயலில் பெரிய எண்கள் ஒளிரும் எளிய மாடலே மேல்.

அப்புறம் அளவு. பழைய விமானி வாட்ச்கள் தடித்த ஜாக்கெட்டின் மேல் கட்டுவதற்காகப் பெரிதாகச் செய்யப்பட்டவை. இன்று யூனிஃபார்ம் சட்டையின் கைப்பட்டிக்குள் நுழைகிறதா என்று கட்டிப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி இல்லாமல் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச் என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் செலவு இருக்கும், கணிசமாகவே இருக்கும். பின்மூடியில் முதல் தனிப்பறப்பின் தேதியைப் பொறிக்க நினைத்தால், அது கண்ணாடி மூடியா, உலோகமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.