வெளிநாட்டு ரயில் டிக்கெட்டை இங்கிருந்தே எடுத்து வைக்கலாமா?

கிருஷ்ணகிரி டவுனில் ரயில் கிடையாது. ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடித்துப் போய்த்தான் வண்டி ஏறுகிறோம். அவ்வளவு தூரம் போய் சீட் இல்லையென்றால் எப்படி என்று, 60 நாள் முன்பே டிக்கெட் எடுத்துவிடுவது நமக்குப் பழக்கம். வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது எல்லா ரயிலுக்கும் அப்படிச் செய்யத் தேவையில்லை.

படி 1: என்ன வகை ரயில் என்று பாருங்கள்

பிரான்சின் டிஜிவி, லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா எல்லாம் அதிவேக வண்டிகள். சீட் பதிவு கட்டாயம். விமான டிக்கெட் மாதிரி நாள் நெருங்க நெருங்க விலையும் ஏறும். தேதி உறுதியானால் சீக்கிரமே எடுத்துவிடுங்கள்.

அதே இத்தாலியில் ரெஜியோனாலே என்ற உள்ளூர் வண்டிக்கு என்றைக்கு எடுத்தாலும் ஒரே கட்டணம். ஸ்டேஷனிலேயே வாங்கலாம். காகித டிக்கெட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் அங்குள்ள சின்ன மெஷினில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாமல் ஏறினால் அபராதம்.

சிங்கப்பூர் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலுக்கு முன்பதிவே இல்லை, கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம்.

ஜப்பானில் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில்கள் பலவற்றில் முன்பதிவு இல்லாத பெட்டிகள் உண்டு. ஆனால் புத்தாண்டு, ஓபோன் போன்ற விடுமுறைக் காலங்களில் அவற்றில் நொசோமி என்ற வகை வண்டி முழுக்க முன்பதிவுதான். பதிவு ஒரு மாதம் முன்பு, அவர்கள் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்கு அப்போது காலை 6.30.

படி 2: விசா வரட்டும்

மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்பட்டால், அது கைக்கு வந்த பிறகே எடுங்கள். அதற்குள் விலை கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, மொத்தப் பணமும் போவதைவிட அது மேல்.

படி 3: கார்டைத் தயார் செய்யுங்கள்

நம் ஊர் பேங்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அடைத்தே இருக்கும். பேங்க் ஆப்பில் அதைத் திறந்து, லிமிட் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெயர்: பாஸ்போர்ட்டில் இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருந்தால், டிக்கெட்டிலும் அப்படியே போடுங்கள்.

படி 4: இறங்கும் நாளில் இடைவெளி விடுங்கள்

விமானம் தாமதமாகலாம், இமிகிரேஷன் வரிசை நீளலாம். அதனால் அன்றைக்குக் குறிப்பிட்ட ஒரே வண்டிக்கான மலிவு டிக்கெட் வேண்டாம். ஜெர்மனி என்றால் ஃப்ளெக்ஸ்பிரைஸ் என்ற வகை டிக்கெட் எடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அந்த வழியில் அன்று எந்த வண்டியிலும் ஏறலாம்.