மடிக்கணினி விழிக்க மறுத்தால்

மூடியைத் திறக்கிறீர்கள். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. என் மடிக்கணினி இரண்டு வாரம் இப்படித்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதைச் சரிசெய்த வழி இதோ. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் குட்டி விளக்கு எரிந்து அணைந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது, தகராறு திரையில்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால், திரைக் காட்சியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அப்போதும் இருட்டா? டார்ச் ஒளியைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் பின்விளக்குக் கோளாறு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லையென்றால் மிச்ச மின்சாரத்தை வடிக்க வேண்டும். நான் சறுக்கிய இடம் இது. சார்ஜரைச் செருகியபடியே பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, பலனில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் அனைத்தையும் உருவுங்கள். பேட்டரி எளிதில் கழலும் வகை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுதாக 30 விநாடி பட்டனை அழுத்திப் பிடியுங்கள். இடையில் விரலை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. அதன்பின் பேட்டரியையும் சார்ஜரையும் மட்டும் இணைத்து இயக்குங்கள். சேமிக்காத வேலை போய்விடும், வேறு வழியில்லை.

கணினி எழுந்ததும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. குழம்பிய டிரைவரும் கூடவே திரும்பி வரலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்களுக்கான பக்கம், அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். தொடக்கம் சற்றுத் தாமதமாகும், எனக்கு அது பொருட்டே இல்லை.

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தானாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் தொடுவதே இல்லை.

பின்சேர்க்கை: அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டி மங்கலாக இருப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பக்கத்தின் மேலே, தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்றுவதற்கான இணைப்பைச் சொடுக்கினால் திறக்கும். இன்னொருவருக்குத் திரை நினைத்தபோதெல்லாம் அணைந்தது. விசைப்பலகையின் ஓரத்தில் அவர் வைத்திருந்த கைப்பேசி உறையில் காந்தம்! மூடியை உணரும் சென்சார், மூடிவிட்டதாகவே எண்ணிக்கொண்டது.