வயசு போனாப்புறகு சிங்களம் கதைக்கப் பழகிற எப்பிடி?

ஒவ்வொரு ஜனவரியும் நானும் நிறைய எழுதி வைப்பன், விடிய நாலரைக்கு ஒழும்பிற, கல்லடிப் பாலத்தில நடக்கிற எண்டு, ஒண்டும் தைப்பொங்கலத் தாண்டாது. போன வருசம் ஒண்டே ஒண்டுதான் எடுத்தன், சிங்களம் கதைக்கிற. மட்டக்களப்பில இருந்து அம்பாறைக்கு வேலைக்குப் போற எனக்கு அது இல்லாம ஏலாது. (1987 அரசியலமைப்புத் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழிதான், தமிழில பதில் கேக்கிற உரிமைய விடச் சொல்லல, அது வேற கதை.)

முதல்ல எழுத்துப் படிக்காதீங்க, கொப்பியோட ஒரு மாசத்த வீணாக்கின ஆள் சொல்றன். காதால தொடங்குங்க. நமக்கு இதில நல்ல லாபம் இரிக்கு, வசனம் போற ஒழுங்கு தமிழப் போலதான், வினை கடைசில வரும். எனக்குப் பசி எண்டா "மட படகினி", எனக்கு விளங்கல எண்டா "மட தேரென்னே நே", நம்மட "எனக்கு" அப்பிடியே "மட". மறுகா பேச்சுச் சிங்களத்தில வினை ஆளுக்கு ஆள் மாறாது, "மம யனவா, ஒயா யனவா, எயா யனவா", போறன் போறீங்க போறார் எண்ட கரைச்சலே இல்ல. எழுத்துச் சிங்களத்தில மாறும், அதாலதான் புத்தகம் பொறகு எண்டுறன்.

நாளைக்கு மூணு வசனம், கூட வேணாம். அண்டைக்கு உங்களுக்குச் சொல்ல ஏலாமப் போன வசனமா இரிக்கணும். நான் பஸ்ஸில மிச்சக்காசு கேக்கத் தெரியாம இறங்கின ஆள், அதால முதல் வசனமே "இதுரு சல்லி தென்ன", சல்லி நமக்கும் சல்லிதானே. தெரிஞ்ச ஒராளிட்ட வட்ஸ்அப் வொயிஸ்ஸில சொல்லி வாங்குங்க, தமிழ் எழுத்தில மட்டும் வாசிச்சா படகினிட 'ப' பிழைச்சிப் போகும். நான் காரைதீவுச் சந்தியில பஸ் சம்மாந்துறைப் பக்கம் கிறுகினோண்ண ஹெட்செட்டப் போட்டா அம்பாறை வரும் மட்டும் அதுதான்.

நாள் விட்டுப் போனா விட்டத எண்ணாம அடுத்த மூணோட தொடங்குங்க.

கஷ்டம் வெக்கம்தான். அதுக்கு ஒரு கடையப் பிடிங்க, நாளும் அதே ஆளோட கதைங்க, தமிழுக்கு மாற வேணாம் எண்டு முன்னுக்கே சொல்லிருங்க. எனக்கு ஒரு தேத்தண்ணிக் கடை முதலாளி. முதல்நாள் "மட தே எப்பா" எண்டு போட்டு தேத்தண்ணி வரும் வரும் எண்டு இரிந்தன், வரவே இல்ல. எப்பா எண்டா வேணாமாம், வேணும் எண்டா ஓன! இப்ப என்னக் கண்டோண்ண அவர் சிரிச்சிக்கிட்டே கேக்கிற, "எப்பாத?"