பஸ்காவும் புளிப்பில்லாத அப்பமும்: எங்கே தவறுகிறோம்?

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. அதைப் பற்றிய பிரசங்கங்களில் அடிக்கடி தலைகீழாகிவிடுவது வரிசைதான். "முதலில் உன் வாழ்க்கையிலிருந்து புளிப்பை எடுத்துப் போடு, அப்புறம் தேவன் உன்னை விடுவிப்பார்" என்கிறார்கள். புளிப்பு என்று அவர்கள் சொல்வது பாவத்தை. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த அந்த இரவு ஒரு வீட்டைக் காப்பாற்றியது நிலைக்கால்களில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தம். உள்ளே இருந்தவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. "இரத்தத்தை நான் கண்டு" கடந்துபோவேன் என்பதுதான் வாக்கு. ஏழு நாள் புளிப்பில்லாமல் சாப்பிடுவது, விடுவிக்கப்பட்ட ஜனம் நடந்துகொள்ள வேண்டிய முறை.

பவுலும் இதே வரிசையில்தான் எழுதுகிறார். 1 கொரிந்தியர் 5:7-ல் பழைய புளித்தமாவைக் கழித்துப்போடச் சொல்கிறார். ஆனால் "புளிப்பில்லாதவர்களாயிருக்கிறபடியே" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறார். காரணம், நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து ஏற்கெனவே பலியிடப்பட்டுவிட்டார். கிறிஸ்துவுக்குள் புளிப்பில்லாதவர்களாக ஆகிவிட்டீர்கள், அதற்கேற்றபடி வாழுங்கள் என்கிறார். இதைப் புரட்டிப் போட்டால் சுவிசேஷம் போய்விடும், சுத்தம் செய்யும் வேலை மட்டும் மிஞ்சும்.

அதே அதிகாரத்தில் இன்னொரு சறுக்கலும் உண்டு. புளிப்பு என்றதும் சினிமா, சிகரெட் என்று தனிநபர் பட்டியல் போட்டுவிடுகிறோம். கொரிந்துவில் நடந்தது வேறு. ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தான். சபை அதைப் பற்றித் துக்கப்படாமல் இறுமாப்பாக இருந்தது. பவுல் கண்டிப்பது மொத்தச் சபையையும். வீட்டில் பழைய இட்லி மாவு கொஞ்சம் கலந்தால் புது மாவு முழுவதும் புளித்துவிடுகிறதே, அந்தக் காலத்து அப்பமும் அப்படித்தான். முந்தைய மாவில் ஒரு துண்டை எடுத்துவைத்து அடுத்ததில் சேர்ப்பார்கள். ஆகவே கேள்வி, சபை எதைக் கண்டும் காணாமல் விடுகிறது என்பது. பக்தியில் பேர்பெற்ற பரிசேயரிடம் இயேசு கண்டு எச்சரித்த புளித்தமாவும் மாயமே, அதாவது வெளிவேஷமே என்று லூக்கா 12:1 சொல்கிறது. அது ஆலயத்துக்கு வராதவர்களிடம் இருந்த குறையல்ல.

சரி, புளிப்பு என்றாலே பாவமா? இல்லை. மத்தேயு 13:33-ல் பரலோகராஜ்யமே புளித்தமாவுக்கு ஒப்பாகிறது. லேவியராகமம் 23:17-ன்படி பெந்தெகொஸ்தே நாளில் புளிப்புள்ள இரண்டு அப்பங்களைக் கர்த்தருக்குக் கொண்டுவர வேண்டும்.

புளிப்பில்லாத அப்பத்தைப் பரிசுத்தத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பதும் குறைதான். உபாகமம் 16:3 அதைச் சிறுமையின் அப்பம் என்கிறது. மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் துரத்தப்பட்ட அடிமைகளின் சாப்பாடு அது. இந்தப் பக்கத்தை நாம் பேசுவதே இல்லை, ஏனோ தெரியவில்லை.

நிலைக்கால் இரத்தத்தைத் தாயத்துபோல ஆக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் எசேக்கியா, யோசியா ராஜாக்களின் நாட்களில் நடந்த பஸ்காவில் ஆசாரியர்கள்தான் இரத்தத்தைத் தெளித்தார்கள்; வீட்டு வாசலில் பூசியதாக நாளாகமம் சொல்லவில்லை.

கடைசியாக, பெரிய வியாழனன்று யூதர்கள் இன்று பஸ்கா இரவில் நடத்தும் செடர் விருந்தை அப்படியே நடத்தி "இயேசு இதைத்தான் செய்தார்" என்று சொல்லாதீர்கள். அந்த முறைக்கு ஆதாரமான மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு உருவானது கி.பி. 200 வாக்கில், ஆலயம் இடிந்ததோ கி.பி. 70-ல். மேஜையிலுள்ள மூன்று அப்பங்களில் திரித்துவத்தைத் தேடுவதும் நாமாக ஏற்றும் பொருள். பஸ்கா யூதர்கள் இன்றும் கொண்டாடும் பண்டிகை என்பதையும் மறக்கக்கூடாது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் அன்றிரவு வீட்டில் பெசஹா (பஸ்கா) அப்பம் பிட்டுச் சாப்பிடுவது அவர்களுடைய சொந்த மரபு. திருவிருந்துக்கு எந்த அப்பம் என்ற சண்டையிலும் இறங்க வேண்டாம்: கத்தோலிக்கர் புளிப்பில்லாததையும், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையார் புளிப்புள்ளதையும் பயன்படுத்துகிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இதை வைத்து இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டது போதும்.