தனுஷ்கோடி போய் வந்த காரை உடனே துடைக்காதீர்கள்

தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் கார் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். கடல்காற்று கொண்டுவந்த உப்பு அது. கூடவே பொடி மணலும் ஒட்டியிருக்கும். பார்த்ததும் துணியை எடுக்கத்தான் கை போகும். வேண்டாம், அந்த மணல் பெயின்ட்டைக் கீறிவிடும். முதலில் மேலிருந்து தண்ணீர் விட்டு மணலை இறக்குங்கள். அப்புறம் கார் ஷாம்பூ. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் முன்பு பூசிய மெழுகும் சேர்ந்து போய்விடும்.

மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் முக்கியம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்க அது போதும். டயருக்கு மேலே உள்விளிம்பு, கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள், சைலன்சர் எல்லாவற்றுக்கும் குழாயை நன்றாகக் காட்டுங்கள்.

இந்தக் கரையோரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்புதான். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் இரண்டு குடம் எடுத்து வையுங்கள். நிழலில் நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் திட்டு விழாது.

ஃபைபர் படகுக்கும் நல்ல தண்ணீர் அலசல் அவசியம். அதை வெளுக்க வைப்பது வெயில். நன்றாகக் காய்ந்தபின், தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தில் படகுக்கான மெழுகு பூசுங்கள்.