டாக்டரா, மாட்டு டாக்டரா? கலந்தாய்வுக்கு முன் தன்னார்வப் பணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நீட் எழுதி முடித்த கையோடு எல்லாரும் கேட்பது "எத்தனை மார்க் வரும்?" எதில் சேர ஆசை என்று யாரும் கேட்பதில்லை. எம்பிபிஎஸ் கிடைத்தால் எம்பிபிஎஸ், இல்லாவிட்டால் கால்நடை என்று வீட்டில் எப்போதோ முடிவாகியிருக்கும். எனக்கு இரண்டின் மீதும் ஆசை இருந்தது. அந்தக் கோடை விடுமுறையில் இரண்டு பக்கமும் போய் எடுபிடி வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் கால்நடைக்கு வந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு. ஜூனியர்கள் அடிக்கடி கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

விண்ணப்ப விவரமெல்லாம் உங்களுக்கே தெரியும். மாநில ஒதுக்கீட்டில் கால்நடைக்குப் பிளஸ் டூ மதிப்பெண். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கும் எம்பிபிஎஸ்ஸுக்கும் நீட். இரண்டு படிப்பும் ஐந்தரை வருடம். தன்னார்வச் சான்றிதழுக்கு எதிலும் ஒரு மார்க்கும் கிடையாது. அமெரிக்காவில் விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இத்தனை மணி நேரம் தொண்டு செய்தேன் என்று கணக்குக் காட்டுவார்கள். நமக்கு அந்தத் தலைவலி இல்லை. அதனால் பெரிய பெயரைத் தேடாமல், தொழிலின் அன்றாடத்தைக் காட்டுகிற இடத்துக்குப் போகலாம்.

படி 1: ஜோடி போட்டுத் தேர்ந்தெடுங்கள்

நாய்க்குட்டிக் காப்பகத்தில் ஒரு வாரம் இருந்தால் யாருக்கும் கால்நடை மருத்துவம் பிடித்துவிடும். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஒரு ராத்திரி நின்றால் எம்பிபிஎஸ்ஸே வேண்டாம் என்று தோன்றும். இந்த ஒப்பீடு செல்லாது. முகாமுக்கு முகாம், நாள்பட்ட கவனிப்புக்கு நாள்பட்ட கவனிப்பு என்று ஒரே மாதிரி வேலையை இரண்டு பக்கமும் பாருங்கள்.

முகாம் என்றால் நான் சொல்வது கண் சிகிச்சை முகாமும், மாடுகளுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி முகாமும். கண் முகாமை உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள் நடத்தும், ஆள் எப்போதும் தேவைப்படும். பெரியவர்களை வரிசையில் உட்கார வைப்பது, சீட்டு எழுதுவது, கண்புரை அறுவைக்குத் தேர்வானவர்களை பஸ்ஸில் ஏற்றுவது இதெல்லாம் நம் வேலை. கோமாரி முகாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றாக வரும். மாடு மேய்ச்சலுக்குப் போவதற்குள் ஊசி போட வேண்டும் என்பதால் விடியும்போதே ஊருக்குள் இருக்க வேண்டும். காதில் இருக்கும் 12 இலக்க டேக் எண்ணைப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாகப் போங்கள். மாடு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும்போது சாணம் ஒட்டிய டேக்கில் கடைசி மூன்று இலக்கத்தைப் படிப்பது ஒரு தனிக் கலை.

நாள்பட்ட கவனிப்புக்கு ஒரு பக்கம் முதியோர் இல்லம் அல்லது தீராத நோயாளிகளின் வலியைக் குறைக்க வீட்டுக்கே போகும் வலி தணிப்புக் குழு, மறுபக்கம் விலங்குக் காப்பகம். சென்னைக்காரர்களுக்கு 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு இருக்கிறது. ஆனால் காப்பகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கால்நடை மருந்தகத்தில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மாடும் ஆடும்தான்.

படி 2: உள்ளே நுழைவது

எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். எனக்கும் முதலில் கதவு திறக்கவில்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் போய் "வாலண்டியரா வரலாமா சார்?" என்று கேட்டால், அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாடு உதைத்து உங்களுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

அதனால் செய்யப்போகும் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். "காலையில ரெண்டு மணி நேரம் ரிஜிஸ்டர் எழுதித் தரேன் சார், மாட்டுப் பக்கம் நீங்க சொன்னாத்தான் வருவேன்." கையில் பள்ளித் தலைமையாசிரியர் கடிதம், பதினெட்டு ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதக் கடிதமும். கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள். சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) நாலு மாடு காத்திருக்கும்போது யாரும் உங்கள் கடிதத்தைப் படிக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்று கை தேவைப்படும்.

படி 3: மனிதர்களைக் கவனியுங்கள்

மடி நோய் வந்த மாடு ஒன்று. ஒரு காம்பு கல்லாக இறுகிப்போய், பீய்ச்சினால் திரி திரியாக வருகிறது. ஊசி போடுகிற நாட்களிலும், நிறுத்தி மேலும் சில நாட்களுக்கும் பாலைப் பால் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்கிறார் டாக்டர். மாட்டுக்காரர் உடனே கேட்டது: "ஊசிக்கு எவ்வளவு ஆகும் சார்? சந்தைக்கு ஓட்டினா எவ்வளவு போகும்?" இங்கே பல சமயம் சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான். டாக்டரும் கோபப்படாமல் கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

வலி தணிப்புக் குழுவோடு போன வீட்டில், வாசலிலேயே மகன் எங்களை மறித்து "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்றார். உள்ளே பெரியவர் "ரிப்போர்ட் வந்துருச்சாம்மா?" என்று செவிலியரைக் கேட்டார். அவர் பொய்யும் சொல்லவில்லை, உடைக்கவும் இல்லை. "நீங்க என்னன்னு நினைக்கிறீங்கய்யா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேச விட்டார்.

இந்த இரண்டில் எந்தச் சங்கடத்தோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்த முடியும் என்று பாருங்கள். "எனக்கு மனுஷங்களோட பேச வராது, அதான் கால்நடை" என்று வருகிறவர்கள் முதல் மாதமே திணறுவார்கள். இங்கே நோயாளி பேசாது, அதற்கும் சேர்த்து வீட்டுக்காரர் பேசுவார்.

படி 4: சாமான்கள்

லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். ஷூ போட்டுக்கொண்டு போனால் சாணம் தையலுக்குள் ஏறிவிடும், போகவே போகாது. குறிப்பெடுக்கச் சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு போதும். போன் ஆப் எதுவும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வார்டில் போனை எடுத்தாலே படம் பிடிக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை, எதில் கடிகாரத்தைப் பார்த்தோம் என்று இரண்டே வரி எழுதுங்கள். ஊசி, கத்தி எதையும் தொட வேண்டாம், யார் கொடுத்தாலும்.

பின்சேர்க்கை

காப்பகத்தில் நாய் கீறிவிட்டது, பரவாயில்லையா என்று ஒருவர் எழுதியிருந்தார். பரவாயில்லை என்று விடக்கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நாய்களோடு வேலை என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், அப்படிக் கருவைக் கலைக்கும் புருசெல்லோசிஸ் என்ற தொற்று மனிதருக்கும் வரும்.

இன்னொருவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம், அதனால் கால்நடைக்குப் போகலாமா என்கிறார். மாட்டுக்கும் ரத்தம் சிவப்புதான் தம்பி. பலருக்கு இது பழகப் பழகச் சரியாகிவிடும். சாப்பிடாமல் போகாதீர்கள், கண் இருட்டினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். மாட்டின் பின்னங்காலுக்கு எட்டாத தூரத்தில்.